விந்தணு உருவாக்கத்தில் மரபணுக்களின் கால ஒழுங்கு: ஓர் எளிய விளக்கம்

சித்திரை வெயிலில் வேலூரில் ஒருவருக்கு நான்கு நாள் கடுங்காய்ச்சல் அடித்து ஓய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் கழித்து, குழந்தைப்பேறு தள்ளிப்போவதைப் பற்றிக் கேட்க மனைவியுடன் மருத்துவரிடம் செல்லும்போது அவருக்கு விந்துப் பரிசோதனை செய்கிறார்கள். எண்ணிக்கை குறைவு என்று அறிக்கை வருகிறது. அண்மையில் காய்ச்சல் ஏதும் வந்ததா என்று விசாரித்துவிட்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதித்துப் பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். சிகிச்சைக்காகக் கொல்கத்தாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து காந்தி ரோடு விடுதிகளில் தங்கியிருப்பவர்களுக்கு இப்படியொரு பதில் எவ்வளவு சலிப்பைத் தரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அந்த மூன்று மாதக் கணக்கு வாய்க்கு வந்தபடி சொன்னதன்று. மனித விந்தணு ஒன்று உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகிறது. அதன் பிறகு விந்தகத்தை ஒட்டியுள்ள எபிடிடிமிஸ் குழலில் முதிர்ச்சி அடைய மேலும் சில நாள் வேண்டும். அந்த நாள்கள் முழுவதும், எந்த மரபணு எப்போது வாசிக்கப்பட வேண்டும், எது எப்போது அடங்கியிருக்க வேண்டும் என்ற கண்டிப்பான ஒழுங்கு செல்லுக்குள் நடந்தபடி இருக்கிறது. அந்த ஒழுங்கையே இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

மனித உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான். புரதங்களுக்கான குறிப்பைத் தாங்கிய மரபணுக்கள் அதில் சுமார் 20,000 உள்ளன. கல்லீரல் செல் அவற்றில் ஒரு தொகுதியை வாசிக்கிறது, நரம்புச் செல் வேறொரு தொகுதியை வாசிக்கிறது. ஒரு மரபணு வாசிக்கப்படும்போது அதன் குறிப்பு முதலில் தூது ஆர்.என்.ஏ. என்னும் படியாக எடுக்கப்படுகிறது, இது படியெடுத்தல். அந்தப் படி உட்கருவை விட்டு வெளியே வந்து ரைபோசோம்களில் புரதமாகிறது, இது மொழிபெயர்ப்பு. இவை இரண்டும் சேர்ந்ததே மரபணு வெளிப்பாடு. பெரும்பாலான செல்களில் படி கைக்கு வந்தவுடன் புரதம் தயாராகத் தொடங்கிவிடும். விந்தணுவாகப் போகும் செல்லிலோ, மிக முக்கியமான சில மரபணுக்களுக்கு இந்த இரண்டு வேலைகளின் நடுவே பல நாள் இடைவெளி வேண்டுமென்றே விடப்படுகிறது. இக்கட்டுரையில் ஒன்றே ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ள விரும்புபவர் இந்த இடைவெளியை நிறுத்திக்கொள்ளலாம். அது ஏன் தேவைப்படுகிறது என்பது போகப்போக விளங்கும்.

விந்தகத்தின் உள்ளே நூலைவிட மெல்லிய விந்து நுண்குழல்கள் நூற்றுக்கணக்கில் சுருண்டு கிடக்கின்றன. குழலின் வெளிச்சுவரை ஒட்டித் தண்டுச் செல்கள் இருக்கும். அவை மைட்டாசிஸ் முறையில் பிரிந்து பெருகும். அவற்றில் ஒரு பகுதி தண்டுச் செல்களாகவே நின்றுவிட, மறு பகுதி குழலின் நடுவை நோக்கி நகரத் தொடங்கும். நகரும் வழியில் அவை ஸ்பெர்மட்டோசைட்டுகளாகிக் குன்றல் பிரிவுக்கு உட்பட்டு, 46 குரோமோசோம்கள் 23 ஆகக் குறைந்த பிறகு வட்டமான ஸ்பெர்மாட்டிடுகள் ஆகின்றன. வட்டச் செல் பிறகு நீண்டு, தலையும் வாலும் பெற்று விந்தணுவாகிறது. சுவரிலிருந்து நடுப்பகுதி வரை நீண்டு நின்று இந்தச் செல்களை எல்லா நிலைகளிலும் தாங்கியிருப்பவை செர்டோலி செல்கள். இத்தாலியரான என்ரிக்கோ செர்டோலி 1865இல் இவற்றை விவரித்தார்.

இங்கே பரவலான ஒரு தவறான எண்ணத்தைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் விந்தணுச் செல்களிடம் நேரடியாகப் பேசுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருப்பது செர்டோலி செல்களில். மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனுக்கும் அப்படியே. செய்தி செர்டோலி செல்லுக்கு வந்து, அது தன் மரபணுக்களின் வாசிப்பை மாற்றிக்கொண்டு, தான் சுரக்கும் பொருள்களின் வழியாக விந்தணுச் செல்களை நடத்துகிறது. உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளர வேண்டும் என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்களுக்கு விந்தணு எண்ணிக்கை சரிவதும் இதோடு தொடர்புடையதே. வெளியிலிருந்து ஹார்மோன் வந்து சேர்ந்ததும் பிட்யூட்டரி தன் சமிக்ஞையை நிறுத்திக்கொள்கிறது. விந்தகத்துக்குள் லீடிக் செல்கள் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் வற்றுகிறது. இரத்தத்தில் ஹார்மோன் ததும்பியிருந்தாலும் விந்து நுண்குழலுக்குள் அது போதாமல் போகிறது.

செர்டோலி செல்கள் சுரக்கும் ஜி.டி.என்.எஃப். என்னும் புரதம் தண்டுச் செல்லைத் தண்டுச் செல்லாகவே இருக்கச் செய்கிறது. அந்த நிலையை விட்டு முன்னே செல்லத் தூண்டுவது வைட்டமின் ஏ-யிலிருந்து கிடைக்கும் ரெட்டினாயிக் அமிலம். இது செல்லுக்குள் நுழைந்து ஸ்ட்ரா-8 என்னும் மரபணுவை வாசிக்க வைக்கிறது. ஸ்ட்ரா-8 புரதம் குன்றல் பிரிவுக்குத் தேவையான மரபணுக்களின் ஒரு பெரிய தொகுதியைத் தொடக்கிவைக்கிறது. உணவில் வைட்டமின் ஏ இல்லாமல் வளர்த்த எலிகளில் விந்தணு உருவாக்கம் தொடக்க நிலையிலேயே நின்றுவிடும். மீண்டும் அந்த வைட்டமினைக் கொடுத்தால், தேங்கி நின்ற செல்கள் எல்லாம் ஒரே வேளையில் புறப்பட்டு, இயல்பான எலியில் காண முடியாத அளவுக்கு ஒரே நிலையில் ஒன்றாக நகரும். ஆய்வாளர்கள் இதை ஒரு கருவியாகவே பயன்படுத்துகிறார்கள். இதைப் படித்துவிட்டு முருங்கைக்கீரையை மலடு நீக்கும் மருந்தாக விற்கத் தொடங்க வேண்டாம். போதிய அளவு உண்பவருக்குக் கூடுதல் வைட்டமின் ஏ கூடுதல் விந்தணுவைத் தராது, அளவு மீறினால் கல்லீரலுக்குத்தான் கேடு.

குன்றல் பிரிவில் நடப்பது இன்னும் நுட்பமானது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இணைக் குரோமோசோம்கள் ஒன்றோடொன்று முழு நீளத்துக்கும் ஒட்டிக்கொண்டு துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளும் கட்டம் அது. ஆணின் செல்லில் 22 இணைகளுக்கு இதில் சிக்கல் இல்லை. எக்ஸ், ஒய் ஆகிய இரண்டும் மட்டும் அளவிலும் உள்ளடக்கத்திலும் ஒவ்வாதவை. முனைகளில் உள்ள சிறு பகுதிகள் தவிர அவற்றால் ஒட்டிக்கொள்ள முடியாது. இணை கிடைக்காமல் நிற்கும் டி.என்.ஏ. பகுதியைச் செல் ஆபத்தாகக் கருதுகிறது. அப்பகுதி சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் என்னும் புரதங்களில் வேதிக் குறியிட்டு, எக்ஸ், ஒய் இரண்டையும் உட்கருவின் ஓரத்தில் தனியாகச் சுருட்டி வைத்து, அவற்றின் மரபணுக்களை ஒட்டுமொத்தமாக மௌனமாக்கிவிடுகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் மற்றக் குரோமோசோம்கள் இழை இழையாகத் தெரியும் உட்கருவில், ஓரமாக ஒரு கருத்த உருண்டையாக இது தனித்துத் தெரியும். இந்த மௌனம் பிறழ்ந்து எக்ஸ் மரபணுக்கள் வாசிக்கப்பட்டால் ஸ்பெர்மட்டோசைட் அந்தக் கட்டத்திலேயே அழிந்துவிடுகிறது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். எக்ஸ் குரோமோசோமில் பல நூறு மரபணுக்கள் உள்ளன. அவற்றுள் சில, எந்தச் செல்லும் உயிரோடிருக்க இன்றியமையாதவை. எடுத்துக்காட்டாக, சர்க்கரையை உடைத்து ஆற்றல் எடுக்கும் வினைகளில் ஒன்றுக்குத் தேவையான நொதியின் மரபணுவான பி.ஜி.கே.-1 எக்ஸில்தான் இருக்கிறது. எக்ஸ் அடங்கிய பிறகு அந்த நொதிக்கு என்ன வழி? பரிணாமம் கண்டுபிடித்த வழி வியப்பானது. பண்டைக் காலத்தில் எப்போதோ பி.ஜி.கே.-1இன் தூது ஆர்.என்.ஏ. ஒன்று மறுபடியும் டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதப்பட்டு, எக்ஸ் அல்லாத வேறொரு குரோமோசோமில் போய்ச் செருகிக்கொண்டது. அதுவே பி.ஜி.கே.-2, மனிதரில் அது 6ஆம் குரோமோசோமில் உள்ளது. மூல மரபணுவில் இடையிடையே இருந்து, தூது ஆர்.என்.ஏ. தயாராகும்போது வெட்டி நீக்கப்படும் இன்ட்ரான் துண்டுகள் இதில் இல்லை என்பதை 1987இல் கண்டறிந்தபோது, இது ஆர்.என்.ஏ. வழியாக வந்த நகல் என்பது உறுதியானது. மற்ற உறுப்புகளில் உறங்கும் இந்த நகல், விந்தகத்தில் எக்ஸ் அடங்கும் வேளையில் வாசிக்கப்படுகிறது. இதை நீக்கிய சுண்டெலிகளின் விந்தணுக்கள் உருவத்தில் சரியாக இருந்தும் நீந்தும் வலிமையை இழந்தன. எக்ஸில் உள்ள வேறு பல மரபணுக்களுக்கும் இவ்வாறு பிற குரோமோசோம்களில் நகல்கள் இருக்கின்றன.

காய்ச்சலின் பாதிப்பும் இந்தக் கட்டத்தோடு சேர்ந்தது. விந்தகம் உடலுக்கு வெளியே விரைப்பையில் இருப்பதால் உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவான சூட்டில் வேலை செய்கிறது. சூடு ஏறினால் முதலில் மடிபவை குன்றல் பிரிவில் உள்ள ஸ்பெர்மட்டோசைட்டுகளும் இளம் ஸ்பெர்மாட்டிடுகளும்தான். சுவரை ஒட்டிய தண்டுச் செல்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்துவிடும். மடிந்த செல்கள் விந்தணுவாகி வெளிவர வேண்டிய நாள் அப்போதிலிருந்து சில வாரங்கள் தள்ளியிருப்பதால், குறை உடனே தெரியாமல் ஒரு மாதம் கழித்து அறிக்கையில் தெரிகிறது. தண்டுச் செல்களிலிருந்து புதிய வரிசை புறப்பட்டு வந்து சேர ஏறத்தாழ மூன்று மாதம் பிடிக்கிறது. அடுமனை அடுப்பருகிலும் உலைக்களத்திலும் நாள் முழுதும் நிற்பவர்களிடம் மருத்துவர் தொழிலைக் கேட்பது இந்தக் காரணத்தாலேயே.

குன்றல் பிரிவு முடிந்து வட்டமான ஸ்பெர்மாட்டிடு உருவானதும் வாசிப்பு மறுபடி பெருகுகிறது. வால், தலைமுனையில் அமையும் அக்ரோசோம், கழுத்தில் சுற்றிக்கொள்ளும் மைட்டோகாண்ட்ரியா ஆகிய எல்லாவற்றுக்கும் உரிய புரதங்களின் குறிப்புகள் இப்போதுதான் படியெடுக்கப்படுகின்றன. மற்ற எந்த உறுப்பைக் காட்டிலும், மூளையைக் காட்டிலும்கூட, தனக்கே உரிய மரபணுக்களை மிகுதியாக வாசிக்கும் உறுப்பு விந்தகம் என்பதற்கு இந்தக் கட்டம் ஒரு பெருங்காரணம். மரபணுக்களின் வாசிப்பைக் கட்டுப்படுத்தும் புரதத்தைப் படியெடுத்தல் காரணி என்பார்கள்; இங்கே தலைமை தாங்கும் காரணி கிரெம் எனப்படுவது. அதே கிரெம் மரபணு குன்றல் பிரிவுக்கு முன்பு மற்ற மரபணுக்களை அடக்கும் புரதத்தைத் தருகிறது. பிறகு, தன் படியில் துண்டுகளை வேறு விதமாக வெட்டி ஒட்டிக்கொண்டு, அவற்றைத் தூண்டும் புரதத்தைத் தருகிறது. கிரெம் நீக்கப்பட்ட சுண்டெலிகளில் ஸ்பெர்மாட்டிடுகள் வட்ட நிலையைத் தாண்டாமல் மடிவதை 1996இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே காட்டின.

இப்போது இடைவெளிக்கு வருவோம். மனித விந்தணுவின் தலை ஏறத்தாழ 5 மைக்ரோமீட்டர் நீளம். அதற்குள் அடங்க வேண்டிய டி.என்.ஏ.வை நீட்டிப் பிடித்தால் ஒரு மீட்டர் வரும். சாதாரணச் செல்களில் டி.என்.ஏ. ஹிஸ்டோன்களைச் சுற்றியிருக்கும் விதத்தில் இவ்வளவு நெருக்கம் சாத்தியமில்லை. எனவே ஸ்பெர்மாட்டிடு நீளத் தொடங்கும்போது ஹிஸ்டோன்கள் அசிட்டைல் என்னும் வேதிக் குறி பெற்றுத் தளர்ந்து விலகுகின்றன. அவற்றின் இடத்தில் முதலில் இடைநிலைப் புரதங்களும், பிறகு புரோட்டமின்களும் அமர்கின்றன. புரோட்டமின் சிறிய புரதம். அதன் அமினோ அமிலங்களில் பாதியளவு அர்ஜினின். அர்ஜினினின் நேர்மின்னூட்டம் டி.என்.ஏ.வின் எதிர்மின்னூட்டத்தை இறுகப் பற்றிக்கொள்கிறது. சிஸ்டீன் என்னும் மற்றோர் அமினோ அமிலத்தின் மூலக்கூறுகளுக்கு இடையே உருவாகும் கந்தகப் பிணைப்புகள் அந்த இறுக்கத்தை நிலைநிறுத்துகின்றன. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், ரைன் நதி சால்மன் மீனின் விந்தணுவிலிருந்து ஃபிரெட்ரிக் மீஷர் இதை முதன்முதலில் பிரித்தெடுத்தது 1874இல்; டி.என்.ஏ.வை அவர் கண்டுபிடித்து அப்போது ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன.

இவ்வாறு இறுகிய டி.என்.ஏ.வை எந்த நொதியாலும் வாசிக்க முடியாது. படியெடுத்தல் முற்றாக நின்றுவிடும். ஆனால் விந்தணு முழுமையாவதற்கான வேலைகளில் பாதி அதற்குப் பிறகுதான் நடக்க வேண்டும். அந்த இறுக்கத்தைத் தரும் புரோட்டமினே அந்த வேளையில்தான் தயாராக வேண்டும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவை ஒரு வாரம் மூடப் போகிறார்கள் என்றால், ஸ்டிச்சிங் பிரிவுக்கு அந்த வாரம் முழுதும் தேவைப்படும் தோல் துண்டுகளை எல்லாம் முன்கூட்டியே வெட்டி, எந்த ஜோடி எந்த நாளில் தைக்க வேண்டும் என்று சீட்டுக் கட்டி அடுக்கி வைத்துவிடுவார்கள். ஸ்பெர்மாட்டிடு செய்வதும் அதுவே. வாசிக்க முடியும் நாள்களிலேயே புரோட்டமினின் தூது ஆர்.என்.ஏ.வைப் படியெடுத்து, அதன் மேல் சில புரதங்களைப் போர்த்தி ரைபோசோம் நெருங்காதபடி சேமித்து வைக்கிறது. சுண்டெலியில் இந்தச் சேமிப்பு ஒரு வாரம் வரை நீடிக்கும். உரிய நாள் வந்ததும் போர்வை விலகி மொழிபெயர்ப்பு தொடங்குகிறது.

காத்திருக்க வேண்டும் என்ற கட்டளை எங்கே எழுதப்பட்டிருக்கிறது? தூது ஆர்.என்.ஏ.வின் பின்முனையில், புரதமாக மாறாத ஒரு பகுதி உண்டு. கட்டளை அதில்தான் இருக்கிறது. 1995இல் வெளியான ஓர் ஆய்வில், சுண்டெலியின் புரோட்டமின் மரபணுவில் அந்தப் பின்முனையை மட்டும் எடுத்துவிட்டு, மனித வளர்ச்சி ஹார்மோன் மரபணுவின் பின்முனையை ஒட்டினார்கள். புரதத்தின் குறிப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆயினும் புரோட்டமின் முன்னதாகவே தயாராகிவிட்டது, உட்கரு வேளைக்கு முன்பே இறுகியது, ஸ்பெர்மாட்டிடுகள் பாதியில் நின்றன, சுண்டெலிகள் மலடாயின. மரபணு குறையற்றதாக இருந்தும் நாள் தவறினால் மட்டுமே கருவுறுதிறன் போய்விடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை. விந்தணு உயிரியலைக் கற்பிக்கும்போது இந்தச் சோதனையிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து.

நாளைக் கணக்கிடுவது யார் என்பதும் சோதிக்கப்பட்டிருக்கிறது. சுண்டெலியில் விந்தணு உருவாகச் சுமார் 35 நாளும், எலியில் ஏறத்தாழ 52 நாளும், காளையில் 61 நாளும் ஆகின்றன. 1998இல் எலியின் தண்டுச் செல்களைச் சுண்டெலியின் விந்தகத்துக்குள் வைத்துப் பார்த்தார்கள். சுற்றிலும் இருந்தவை சுண்டெலியின் செர்டோலி செல்களே. ஆனாலும் எலிச் செல்கள் எலியின் கணக்கிலேயே மெதுவாக வளர்ந்தன. கால ஒழுங்கு விந்தணுச் செல்லின் சொந்த மரபணுக்களில் இருக்கிறது, செர்டோலி செல் அதற்கு இசைந்து கொடுக்கிறது என்பது அதிலிருந்து தெரிந்தது.

வேலூரை அடுத்த பொய்கைச் சந்தையில் மாடு வாங்கி வருபவர்கள் அதற்குக் கால்நடை மருந்தகத்தில் சினை ஊசி போடுவதுண்டு. மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் கிடந்த அந்தக் குச்சிக்குள் இருக்கும் காளை விந்தணுக்கள், வெதுநீரில் உருகியதும் நீந்தத் தொடங்குகின்றன; அதற்காக அவை ஒரு மரபணுவையும் புதிதாக வாசிப்பதில்லை. நீந்துவதற்கான புரதங்கள் எல்லாம் காளையின் விந்தகத்தில் என்றோ செய்து வைக்கப்பட்டவை. மனித விந்தணுவில் 5 முதல் 15 விழுக்காடு டி.என்.ஏ. மட்டும் புரோட்டமினுக்கு மாறாமல் ஹிஸ்டோன்களுடனேயே தங்கிவிடுகிறது. கரு வளர்ச்சியை நடத்தும் சில மரபணுக்கள் அந்தப் பகுதியில் இருப்பதால், அது கருவுக்கான ஏற்பாடாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஹிஸ்டோன் விலகுவதற்குத் துணைநிற்கும் பி.ஆர்.டி.டி. என்னும் புரதத்தை ஒரு மருந்தால் தடுத்தபோது ஆண் சுண்டெலிகள் தற்காலிகமாகக் கருவுறுதிறனை இழந்து, மருந்தை நிறுத்தியதும் மீண்டன. 2012இல் வந்த இந்த முடிவு ஆண்களுக்கான கருத்தடை மாத்திரையைத் தேடுபவர்களுக்கு ஒரு வழியைக் காட்டியது.

இன்னும் இரண்டு ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நம் டி.என்.ஏ.வில் ஏறத்தாழ பாதி, இடம்விட்டு இடம் தாவும் இயல்புடைய துண்டுகளும் அவற்றின் எச்சங்களுமாகும். விந்தணுச் செல்லில் அவை தாவினால் சேதம் அடுத்த தலைமுறைக்குச் செல்லும் என்பதால், 2006இல் கண்டறியப்பட்ட பை-ஆர்.என்.ஏ. என்னும் சிற்றிழைகள் பிவி வகைப் புரதங்களுடன் சேர்ந்து அவற்றைத் தேடி அடக்குகின்றன. மற்றொன்று, ஒரே தாய்ச்செல்லிலிருந்து வந்த ஸ்பெர்மாட்டிடுகள் முழுமையாகப் பிரியாமல் சைட்டோபிளாசப் பாலங்களால் இணைந்தே இருப்பது. பாதிச் செல்களில் எக்ஸும் மறு பாதியில் ஒய்யும் இருந்தாலும், படிகளும் புரதங்களும் பெரும்பாலும் பாலம் வழியே பகிரப்படுவதால் ஒய் பெற்ற செல் எக்ஸ் இல்லாத குறையை உணர்வதில்லை.

ஒழுங்கு குலைந்தால் என்னவாகும் என்பதை மருத்துவமனையில் அன்றாடம் காண்பது ஒய் குரோமோசோமின் வழியாகத்தான். விந்தணுவே இல்லாத சில ஆண்களுக்கு ஒய்யின் நீண்ட கரத்தில் ஒரு பகுதி காணாமல் போயிருப்பதை இத்தாலியர்களான தியேபோலோவும் சுஃபார்தியும் 1976இல் கண்டறிந்தனர். அப்பகுதி இன்று ஏ.இசட்.எஃப். எனப்பட்டு ஏ, பி, சி என மூன்றாகப் பகுக்கப்படுகிறது. 1995இல் அங்கே அடையாளம் காணப்பட்ட டாஸ் மரபணு, தூது ஆர்.என்.ஏ.க்களைப் பற்றிக்கொண்டு அவற்றின் மொழிபெயர்ப்பை நெறிப்படுத்தும் புரதத்தைத் தருவது. அதாவது, மேலே கண்ட சேமிப்பு வேலையின் இனத்தைச் சேர்ந்தது. ஏ பகுதி முழுமையாக இல்லாதவர்களின் நுண்குழல்களில் செர்டோலி செல்கள் மட்டுமே இருக்கும் என்பதால் விந்தகத்தைக் கீறித் தேடுவதை மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை. சி பகுதி மட்டும் இல்லாதவர்களுக்குச் சில நுண்குழல்களில் விந்தணு கிடைப்பதுண்டு. அதை எடுத்து ஆய்வகத்தில் கருமுட்டைக்குள் செலுத்திக் குழந்தை பெற முடியும். அப்படிப் பிறக்கும் மகனுக்குத் தந்தையின் ஒய்யோடு அந்தக் குறையும் சேர்ந்தே செல்லும், மகளுக்குச் செல்லாது. ஆகையால் சிகிச்சை தொடங்குமுன் கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்து இதை விளக்கிச் சொல்லிவிடுகிறார்கள்.